மூக்கு சொல்லாத பெயர்கள்

பூ இருந்தால் எந்த மரத்துக்கும் பெயர் சொல்லிவிடலாம். இலை மட்டும் இருந்தால் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மழையே இல்லாத ஆகஸ்டு மாதத்தில், ஓடைக்காட்டின் ஓரத்தில், இலையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சி குச்சியாக நிற்கும் இளமரத்துக்குப் பெயர் சொல்ல வேண்டுமென்றால் கத்தியும் மூக்கும்தான் வழி.

கத்தியால் கட்டைவிரல் நகத்தளவு ஒரு சீவல் எடுப்பார்கள். வெளியே தெரியும் சாம்பல் செதிளை நம்ப முடியாது. எல்லா இளமரமும் ஏறக்குறைய ஒன்றையேதான் போர்த்திக்கொண்டிருக்கும். உள்பட்டைதான் மரத்தின் சொந்தச் சரக்கு. காற்றுப் பட்டதும் சிவக்கும் உள்பட்டை உண்டு, மஞ்சளாகும் உள்பட்டை உண்டு, பால் விடுவது உண்டு. ஆனால் நிறம் மழைக்கும் வெயிலுக்கும் மாறும். வாசம் அவ்வளவாக மாறாது. பூண்டு நாறும் மரம் இருக்கிறது, சாம்பிராணி மணக்கும் மரம் இருக்கிறது. இவை எளிது. கடினமானவை அக்கா தங்கைகள். ஒரே குடும்பத்து மரம், ஒன்று ஓடைக்காட்டுக்குள் வளரும், இன்னொன்று திறந்த புல்வெளியில் வளரும். ஜத்தோபா என்ற மரத்தில் இப்படி இருவர் உண்டு. இலை இல்லாத காலத்தில், மணிக்கட்டு தடிமனில் நிற்கும்போது, அவர்களைப் பிரித்துச் சொல்லத் தாவரவியல் ஆசிரியை எடிலெனிக்கு மூக்கு போதும். ஒருத்தி பச்சைக் கொய்யாவின் வாசம், மற்றவள் நனைந்த தோல் செருப்பின் வாசம் என்பாள் அவள். மாணவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் தலையாட்டுவார்கள். பல்மாஸ் பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'மூக்கு'தான்.

அந்த மூக்கு போன வருடம் மழை ஓயும் காலத்தில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகு காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். எடிலெனி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆகஸ்டில், வழக்கம்போல, பிரெஜோ கிளாரோ ஊரின் அளவு நிலத்துக்குப் போனாள்.

அளவு நிலம் என்பது கயிறு கட்டிப் பிரித்த ஒரு நீண்ட துண்டு. ஒரு முனை ஓடைக்காட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து மேட்டை நோக்கி, பொன்புல் வளரும் ஈரச் சதுப்பைக் கடந்து, திறந்த புல்வெளி வரைக்கும் போகிறது. அதற்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்திலும் எண் அடித்த தகரத் துண்டு தொங்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அளப்பார்கள். பழைய மரங்களுக்குப் பெயர் ஏற்கெனவே உண்டு. சுற்றளவை எடுத்தால் போதும். பெயர் வேண்டியவை புதிதாகத் தலையெடுத்த இளமரங்கள் மட்டும்தான். ஆனால் காடு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைச் சொல்வதும் அந்தப் புதியவைதான். சதுப்பின் ஓரத்தில் முளைத்திருப்பது காட்டுக்காரியா, புல்வெளிக்காரியா? காட்டுக்காரி என்றால் நிழல் கீழிருந்து ஏறிவருகிறது என்று அர்த்தம். நிழல் விழுந்த இடத்தில் புல் சாகும்.

இதைத் தடுப்பது தீ. காட்டு மரத்துக்குப் பட்டை மெல்லியது; புல் எரிந்து போகும் தீயிலேயே இளங்கன்று வெந்துவிடும். புல்வெளி மரம் தக்கை போன்ற தடித்த பட்டைக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்துவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மண்ணில் ஈரம் இருக்கும் மே, ஜூன் மாதங்களில் சின்னத் தீ போனால் புல் பிழைக்கும். போகாவிட்டால் காடு பெருத்துவிடும், பிறகு தீ உள்ளேயே நுழையாது. பிரெஜோ கிளாரோ பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தீ போன மறுவருடம் பொன்புல்லின் தண்டு நீளமாக, மின்னிக்கொண்டு வரும். அதில்தான் அவர்கள் கூடை முடைகிறார்கள், ஊர் சாப்பிடுவது அதில்தான். ஆனால் நிலம் அரசின் இயற்கைக் காப்பகத்துக்குள் வந்த பிறகு தீக்கு அனுமதி வேண்டும். காப்பகக் குழு ஆதாரம் கேட்டது. காடு சதுப்புக்குள் வருகிறது என்று நிரூபித்தால் தீ வைக்கலாம், இல்லையென்றால் கூடாது.

ஆகவே அந்த ஆகஸ்டில் ஊரே எடிலெனியின் மூக்கை நம்பி உட்கார்ந்திருந்தது.

கூடை முடையும் ஊர்ப்பெண் ஜெனில்டா சீவி எடுத்துத் தருவாள், எடிலெனி முகர்ந்து பெயர் சொல்வாள், ஜெனில்டா எழுதிக்கொள்வாள். பல வருடப் பழக்கம் அது. ஜெனில்டாவின் மகளுக்கு எடிலெனிதான் ஞானத்தாய், அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் சீவல் வந்தது. எடிலெனி மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை, காகிதத்தை முகர்ந்தது போலிருந்தது. தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஜெனில்டா பென்சிலோடு காத்திருந்தாள். எடிலெனி சுற்றிலும் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் பெரிய ஓடைக்காட்டு ஜத்தோபா நின்றது. இது அதன் பிள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்து அந்தப் பெயரையே சொன்னாள்.

அக்டோபரில் தளிர் விட்டதும் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்று அன்றே முடிவு செய்தாள். அக்டோபரில் வகுப்புகள் இருந்தன. நவம்பரில் மழை. டிசம்பரில் ஞானமகளின் பிறந்தநாளுக்கு ஊருக்கு வந்தபோது இலைகள் பச்சைப்பசேலென்று காத்திருந்தன. அந்தப் பக்கம் அவள் போகவே இல்லை. மார்ச் மாதக் குழுக் கூட்டத்தில் முடிவைச் சொன்னாள். காடு வருகிறது, தெளிவாகவே வருகிறது என்றாள். ஊர்ப்பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். இறுதி ஒப்புதலுக்கு மே மாதத்தில் இன்னொரு கூட்டம் வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எடிலெனி மணல் பாதையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தூக்கம் போய் வெகுநாளாகியிருந்தது. அளவு நிலத்தை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று மட்டும் ஜெனில்டாவிடம் சொன்னாள். ஜெனில்டா எதற்கு என்று கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கூட நடந்தாள்.

மே மாதத்தில் இலைகள் இன்னும் இருக்கும். இலை இருந்தால் அக்கா தங்கையைப் பிரிக்க மூக்கு வேண்டாம், விரல் போதும். காட்டுக்காரிக்கு இலை மெல்லிசு, வழுவழுப்பு. நிழலில் வாழ்கிறவளுக்கு வெளிச்சம்தான் பஞ்சம், தண்ணீர் இல்லை. அதனால் இலையை மெல்லியதாக விரித்து வைத்துக்கொள்கிறாள். புல்வெளிக்காரி வெயிலில் நிற்கிறவள். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க இலையைத் தடிப்பாக்கி, அடிப்பக்கம் பொடி ரோமம் வளர்த்துக்கொள்கிறாள். கன்னத்தில் தேய்த்தால்கூடத் தெரியும்.

சதுப்பின் ஓரத்தில் முதல் இளமரம். இலை வழுவழுவென்று இருந்தது. காட்டுக்காரி. சொன்ன பெயர் சரி. எடிலெனியின் தோள்கள் இறங்கின. இரண்டாவது மரத்தின் இலை தடிப்பாக இருந்தது. அடியில் விரலை ஓட்டினாள், ரோமம். மூன்றாவதும் அப்படியே. நான்காவதை நெருங்கும்போது ஜெனில்டா அவள் கையைப் பிடித்தாள்.

"போதும் கொமாத்ரி. இதோட நிறுத்திக்கோ."

"ஏன்?"

"பார்க்காத வரைக்கும் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளன்னிக்குக் கூட்டம். தெரியாததை யாரும் போய்ச் சொல்ல முடியாதுல்ல?"

இரண்டு தெரிந்துவிட்டதே என்றாள் எடிலெனி. இரண்டு தப்பு யாருக்குத்தான் வராது என்றாள் ஜெனில்டா. கையை இன்னும் விடவில்லை. புரிட்டிப் பனைகளின் பக்கமிருந்து கிளிகள் கத்திக்கொண்டு போயின. எடிலெனிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது: பெயர்கள் தப்பாக இருக்கலாம் என்று இவளுக்கு யார் சொன்னது?

"எனக்கு மோப்பமே இல்ல, ஜெனில்டா," என்றாள். "அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ஆகஸ்டுலேருந்தே."

ஜெனில்டா புல்லில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னாள். ஒரு மரத்தின் சீவலை எடிலெனி முகர்ந்து பெயர் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அடுத்த மரத்தில் எறும்பு கடித்த அவசரத்தில், புதிதாகச் சீவியதைக் கீழே போட்டுவிட்டு, கையில் இருந்த பழைய சீவலையே ஜெனில்டா நீட்டிவிட்டாள். எடிலெனி அதைக் கண்ணை மூடி முகர்ந்து, சுற்றிலும் பார்த்து, வேறு பெயர் சொன்னாள். ஒரே சீவலுக்கு இரண்டு பெயர். ஜெனில்டாவுக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம். கொஞ்ச நேரம் கழித்து வேண்டுமென்றே இன்னொரு தடவை அப்படிச் செய்து பார்த்தாள்.

"அதுக்கும் புதுசா ஒரு பேரு வெச்ச. சரி, என்னமோ நமக்குப் புரியாத படிப்புன்னு விட்டேன். அப்புறம் டிசம்பர்ல எங்க வீட்டுக்கு வந்தியே. பெக்கிப் பழம் போட்டுச் சோறு வேகுது, தெருமுனை வரைக்கும் மணக்குது, நாயெல்லாம் வாசல்ல வந்து உட்கார்ந்திருக்கு. நீ அடுப்புப் பக்கத்துல வந்து நின்னு, இன்னிக்கு என்ன சமையல்னு கேட்ட. இந்தச் செர்ராடோ சீமையிலேயே அப்படிக் கேட்ட ஒரே பொம்பளை நீதான்."

எடிலெனிக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் போய்விட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எதுக்குச் சொல்லணும்? நீ சொன்ன பேரெல்லாம் எங்களுக்கு வேண்டிய பேரு. தீ கேட்டு நாங்க எத்தனை வருஷம் நடந்திருக்கோம்னு உனக்குத் தெரியும். கடவுள் உன் மூக்கை மூடிட்டு எங்க கண்ணைத் திறந்தார்னு நெனச்சுக்கிட்டேன். ராத்திரி படுத்தா மட்டும் அப்படி நெனைக்க முடியல."

எடிலெனி நான்காவது மரத்தின் எதிரே நின்றாள். தப்பு எப்படி உள்ளே வந்தது என்று இப்போது அவளுக்கு ஒரு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டது போலத் தெரிந்தது. மோப்பம் இல்லாதவள் ஊகித்தாள். ஊகம் அக்கம்பக்கத்தைப் பார்த்தது. சதுப்பின் ஓரத்தில் அக்கம்பக்கம் என்றால் ஓடைக்காடு. ஆகவே சந்தேகம் வந்த ஒவ்வொரு கன்றும் காட்டுக்காரி ஆனது. காடு வருகிறது என்று அவள் ஏற்கெனவே நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைத்தான் மரங்களின் வாயில் போட்டுத் திரும்ப எடுத்திருக்கிறாள். காடு ஒருவேளை நிஜமாகவே வந்துகொண்டிருக்கலாம். ஆனால் அவள் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நான்காவது இலையைத் தொட்டாள். ரோமம் இருந்தது. ஜெனில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் ஊர்ச் சங்கக் கொட்டகையில் நடந்தது. கூரையில் பொன்புல் கூடைகள் தொங்கின. அனுமதி கிடைத்ததும் சாப்பிடலாம் என்று பெண்கள் பெஞ்சுக்கு அடியில் கோழிக் குழம்பைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். காப்பகத் தலைவர் அடாவுட்டோ நல்ல மனிதர். இந்த அனுமதியைக் கொடுத்துவிட்டால் தனக்கும் நிம்மதி என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். கையெழுத்துக்கு முன்னால் டீச்சர் ஒரு வார்த்தை பேசட்டும் என்றார்.

எடிலெனி எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், மூக்கு, ஊகம், முந்தாநாள் பார்த்த நாலு மரம். சுருக்கமாகத்தான் சொன்னாள், ஆனால் நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. சங்கத் தலைவி லௌரிண்டாதான் முதலில் பேசினாள். கோபமே இல்லாத குரல், அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அப்போ காடு வருதா, வரலையா டீச்சர்?"

"தெரியலம்மா."

"மார்ச்சுல வருதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நாங்க பாட்டெல்லாம் பாடினோமே அன்னிக்கு."

அடாவுட்டோ பேனாவை மூடினார். இந்த முடிவை வைத்துத் தீக்கு அனுமதி தர முடியாது என்றார். பிறகு, குறிப்பாக யாரையும் பார்க்காமல், களத்தில் கூட இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லையா என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் எடிலெனி. "யாருக்கும் தெரியாது."

ஜெனில்டா கடைசி பெஞ்சில் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியை மட்டும் திறந்து வைத்தார் அடாவுட்டோ. மண்ணில் ஈரம் இருக்கும்போதே, அதாவது ஜூன் பாதிக்குள், எல்லாப் புது மரங்களையும் இலையைக் கொண்டு திரும்பப் பார்த்து முடித்தால் குழு மறுபடி கூடும். அதற்குப் பிறகு எல்லாம் காய்ந்துவிடும், தீ வைத்தால் ஓடைக்காட்டுக்குள்ளும் இறங்கிவிடும். அந்தக் கெடு தாண்டினால் அடுத்த வருடம்தான். புது மரங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கோழிக் குழம்பை யாரும் திறக்கவில்லை. ஆளுக்கொரு பாத்திரமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஜீப்புக்குப் பக்கத்தில் ஜெனில்டா வந்து நின்றாள்.

"எனக்காகப் பொய் சொல்லுன்னு நான் கேட்டேனா?"

"உன் பேரை இழுக்க வேணாம்னு..."

"உண்மை பேசறேன்னு எழுந்தவ முழுசாப் பேசணும். இப்போ பாரு, உன் மூட்டையை இறக்கி வெச்சுட்ட. என்னோடது என் தலையிலேயே இருக்கு. ஊர்ல எல்லாரும் உன்னைத் திட்டுவாங்க, நான் உச்சுக் கொட்டணும்." ஜீப்பின் கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நானே எழுந்து சொல்லியிருக்கலாம். கால் வரல."

மறுநாள் காலையில் எடிலெனி தனியாகத்தான் அளவு நிலத்துக்குப் போனாள். பல்கலைக்கழகத்துக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். யாராவது வர ஒரு வாரமாவது ஆகும். வேலையைத் தொடங்கினாள். முதல் சில மரங்கள் எளிதாக இருந்தன. பிறகு ஒரு இளமரத்தின் இலை நடுத்தரமாக இருந்தது. தடிப்பா மெல்லிசா என்று சொல்ல முடியவில்லை. ரோமம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இளம் இலையில் அப்படி வரும். வயதான இலையைத் தேடிப் பறித்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அதற்கு முன்பே அவள் கை 'காட்டுக்காரி' என்று எழுதியிருந்தது.

அவள் பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டு எழுதியதைப் பார்த்தாள். சென்ற ஆகஸ்டில் நம்பிக்கை எழுதியது. இன்று குற்ற உணர்ச்சி எழுதுகிறது. இந்த மக்களுக்குத் தீயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு இலையையும் கொஞ்சம் வழவழப்பாக்கிக் காட்டுகிறது. மூக்கு திரும்பி வந்தாலும் இதற்கு மருந்தில்லை. மரம் சதுப்பில் நிற்கிறதா, மேட்டில் நிற்கிறதா, அதற்கு என்ன பெயர் வந்தால் ஊருக்கு நல்லது என்பதெல்லாம் தெரிந்துகொண்டு அவள் ஒரு மரத்தையும் பார்க்கக் கூடாது.

புல்லில் காலடிச் சத்தம் கேட்டது. ஜெனில்டா காபி குடுவையோடு வந்துகொண்டிருந்தாள். வழியில் லௌரிண்டாவின் வீட்டில் இறங்கித் தன் பங்கைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். லௌரிண்டா கதவைச் சாத்திக்கொண்டாளாம். அதைச் சொல்லிவிட்டு, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாள்.

எடிலெனி விளக்கினாள். தான் ஓடையைப் பார்த்து, மரங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வது. ஜெனில்டா கயிற்றுக்குள் அங்கும் இங்குமாக, வரிசை இல்லாமல் போய், ஒவ்வொரு மரத்திலும் முதிர்ந்த இலை ஒன்றைப் பறித்து வந்து பின்னாலிருந்து கையில் வைப்பது. எந்த மரம், எங்கே நிற்கிறது என்று சொல்லக் கூடாது. இவள் பெயரைச் சொன்ன பிறகு ஜெனில்டா தகரத்து எண்ணோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜெனில்டா யோசித்தாள். "எனக்கும் ஆசை இருக்கே. நான் இலையை மாத்திக் கொண்டாந்தா?"

"காம்பை மட்டும் பிடிச்சுக்கிட்டு வா. அடியில தடவிப் பார்க்காத. எது எதுன்னு உனக்கும் தெரியக் கூடாது."

"நல்லா இருக்கு. ஒருத்திக்கு மூக்கில்ல, இன்னொருத்தி கை வெக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளு."

எடிலெனி மடக்கு நாற்காலியை ஓடைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தெரிந்தது, அதற்கு மேலே பனைகள். கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள். காம்பில் பிடித்த இலை அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. கட்டைவிரலை அடிப்பக்கம் ஓட்டினாள். ஒருமுறை, அவசரப்படாமல் இன்னொரு முறை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"புல்வெளி," என்றாள்.

பின்னால் ஜெனில்டா ஒரு பெருமூச்சு விட்டாள். பென்சில் காகிதத்தில் உரசியது. பிறகு புல்லை விலக்கிக்கொண்டு அவள் அடுத்த மரத்துக்குப் போகும் சத்தம் கேட்டது.